ஹ்யூகோ ப்ரூஸ் நல்ல பயிற்சியாளரா, சன்டவுன்ஸ் கட்டிய வீட்டில் குடியிருப்பவரா?

கர்ரீஸ்_கிழக்குவாசல்
மொராக்கோவில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பையில் நம் தென்னாப்பிரிக்க அணி கேமரூனிடம் 2-1 தோற்று ஊர் திரும்பியாகிவிட்டது. இனி 2026 உலகக் கோப்பை, ஜூன் 11 மெக்சிகோ சிட்டியின் அஸ்டெகா மைதானத்தில் மெக்சிகோதான். அதற்குள் ஒரு விஷயத்தைப் பேசித் தீர்ப்போம்: நம் பயிற்சியாளர் ப்ரூஸ் உண்மையில் எவ்வளவு நல்லவர்?

என் கணக்கு இது. 2024 ஆப்பிரிக்கக் கோப்பையில் வெண்கலம் என்று நாடே கொண்டாடியது. அந்த நாக்அவுட் ஆட்டங்களை மட்டும் எடுங்கள். மொராக்கோ 90 நிமிடம், கேப் வெர்டே 120, நைஜீரியா 120, காங்கோ 90. மொத்தம் 420 நிமிடம். ஓடி ஆடிப் போட்ட கோல் எத்தனை? ஒன்று. மொராக்கோவுக்கு எதிராக ஸ்வானே கொடுத்து மக்கோப்பா போட்டது. மொகோயினாவுடைய இரண்டில் ஒன்று ஃப்ரீகிக், மற்றது பெனால்டி. மிச்சமெல்லாம் ரான்வென் வில்லியம்ஸின் கை. கேப் வெர்டேயின் நாலு பெனால்டியை அவர் தடுத்திருக்காவிட்டால் இந்த இழையே வேறு தலைப்பில் ஓடியிருக்கும்.

அந்த வில்லியம்ஸ், மொகோயினா, முடாவ், மொடிபா, கெக்கானா, ம்வாலா, ஸ்வானே எல்லாரும் ஒரே கிளப், சன்டவுன்ஸ். வருஷம் முழுக்கச் சேர்ந்து ஆடுகிறவர்களைச் சட்டை மாற்றி நிறுத்தினால் அது பயிற்சியா?

ஆறாம்நம்பர்
//420 நிமிடம், ஒரு கோல்//

சரி. அதே நாணயத்தின் மறுபக்கத்தையும் போடுங்கள் அண்ணா. முதல் ஆட்டத்தில் மாலியிடம் 2-0. அதற்குப் பிறகு நமீபியா, துனிசியா, இந்த நாலு நாக்அவுட். கூட்டினால் 600 நிமிடம். வாங்கிய கோல் ஒன்றே ஒன்று, அதுவும் நைஜீரியாவின் ட்ரூஸ்ட்-எகோங் போட்ட பெனால்டி. ஓடி ஆடி நம்மீது எவனும் கோல் போடவில்லை. வில்லியம்ஸ் காப்பாற்றியது உண்மை. ஆனால் 600 நிமிடம் ஒரு கோல்கீப்பர் மட்டும் காப்பாற்ற முடியாது.

மாலிக்குப் பிறகு என்ன மாறியது என்று ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். பந்து எதிரியிடம் இருக்கும்போது கடைசி வரிசைக்கும் ஸ்ட்ரைக்கருக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கவனியுங்கள். அது முப்பது முப்பத்தைந்து மீட்டருக்குள் இருந்தால் நடுவில் பாஸ் போட இடம் கிடையாது, எதிரி பக்கவாட்டில்தான் போக வேண்டும். அந்தத் தூரம் நாற்பத்தைந்து ஆனால் மொகோயினாவும் சித்தோலேவும் எத்தனை ஓடினாலும் அடைக்க முடியாது. மொராக்கோ ஆட்டத்தில் நம் வரிசைகள் ஒட்டியே இருந்தன. பந்து அவர்களிடம், இடம் நம்மிடம். இதைப் பழக்குவது பயிற்சியாளர் வேலைதான். தேசிய அணிக்குக் கிடைப்பது ஒரு தடவைக்கு நாலைந்து பயிற்சி நாள். அதில் பத்து விஷயம் சொல்லித்தர முடியாது. இரண்டு சொல்லித்தரலாம். ப்ரூஸ் எடுத்துக்கொண்டது தடுப்பாட்டத்தை. அவரே பழைய சென்டர்பேக். ஆண்டர்லெக்ட், ப்ரூஜ், பிறகு 1986 உலகக் கோப்பையில் நாலாவது வந்த பெல்ஜியம். வேறு எதை எடுப்பார்?

டோங்காட்_கரும்பு
சன்டவுன்ஸ் கதையை விடுங்க. வில்லியம்ஸும் மொகோயினாவும் 2022ல்தான் சூப்பர்ஸ்போர்ட் கிளப்ல இருந்து சன்டவுன்ஸுக்கு வந்தாங்க. ப்ரூஸ் 2021லயே வில்லியம்ஸுக்குக் கேப்டன் பட்டை கட்டியாச்சு, மொகோயினாவ நடுக்களத்துல நிறுத்தியாச்சு. வீட்டக் கட்டினது யாரு, குடி வந்தது யாரு?

ருவாண்டா ஆட்டம் இன்னும் நல்ல சாட்சி. உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று, 2025 அக்டோபர் 14, ம்பொம்பேலா, 3-0. கோல் போட்டது ம்பாதா, அப்போலிஸ், மக்கோப்பா. மூணு பேரும் பைரேட்ஸ் கிளப். அப்போலிஸ் பொலோக்வானே சிட்டில இருந்தப்பவே ப்ரூஸ் கூப்பிட்டுட்டார்.

மாலர்_96
+1. கிளப் அடித்தளம் இல்லாமல் எந்தத் தேசியப் பயிற்சியாளர் ஜெயித்தார்? ஸ்பெயினுக்கு பார்சிலோனா, நமக்குச் சன்டவுன்ஸ். தயாராகப் பின்னியதை எடுத்துப் பயன்படுத்துவது புத்திசாலித்தனம்.

குற்றம் சொல்ல வேண்டுமானால் ஆரம்பக் காலத்தைச் சொல்லலாம். 2021 மே மாதம் பொறுப்பேற்றதும் வயதானவர்களை ஒதுக்கி இளசுகளாக இறக்கினார். ஸ்வானே மாதிரி ஒரு ஆட்டக்காரனை வெளியே வைத்தார். பிறகு அவரையே கூப்பிட்டு, 2024 கோப்பை நடந்த ஐவரி கோஸ்ட்டில் அணியின் மூளை அவர்தான் என்று ஆனது. அந்தப் பிடிவாதத்துக்கு நாம் கொடுத்த விலை 2022 உலகக் கோப்பை. தகுதிச்சுற்றில் கானாவும் நாமும் 13 புள்ளி. கோல் வித்தியாசம் இருவருக்கும் +4. அவர்கள் போட்டது 7, நாம் போட்டது 6. ஒரே ஒரு கோல்!

கர்ரீஸ்_கிழக்குவாசல்
கேப் கோஸ்ட்டில் கானாவுக்குக் கொடுத்த அந்தப் பெனால்டி பெனால்டியே இல்லை, அதை எப்போது கேட்டாலும் சொல்வேன். ஆனால் மாலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதே சுற்றில் ஹராரேயில் ஜிம்பாப்வேயுடன் 0-0. அங்கே ஒரு கோல் போட்டிருந்தால் ரெஃப்ரி என்ன ஊதினாலும் கவலையில்லை. நம் நோய் எப்போதும் அதுதான்: பந்து நம்மிடம் இருக்கும்போது என்ன செய்வது என்று தெரியாது.

இந்த முறை மொராக்கோவில் ஆடிய எகிப்து ஆட்டத்தைச் சொல்கிறேன். சலா பெனால்டி போட்டார், ஹாஃப்-டைமுக்குச் சற்று முன் ஹானி சிவப்பு அட்டை வாங்கிப் போனார். இரண்டாம் பாதி முழுவதும் பத்துப் பேர். நமக்கு ஒரு கோலும் இல்லை. முடிவு 1-0. நல்ல பயிற்சியாளர் என்கிறீர்களே, அந்த 45 நிமிடத்துக்கு அவரிடம் இருந்த திட்டம் என்ன?

ஆறாம்நம்பர்
இதுதான் சரியான கேள்வி. இதில் நான் ப்ரூஸுக்கு வக்காலத்து வாங்க மாட்டேன்.

பத்துப் பேர் பெட்டிக்கு முன்னால் 4-4-1 என்று உட்கார்ந்தால் உடைக்கும் வழி ஒன்றும் ரகசியமில்லை.

முதலில் ஒரு பக்கம் மூன்று பேரைக் குவித்துப் பந்தை அங்கே நாலைந்து பாஸ் வைத்திருக்க வேண்டும். எதிரியின் நாலு பேர் வரிசை அந்தப் பக்கம் சாயும். பிறகு ஒரே உதை, அல்லது இரண்டே பாஸில், மறுபக்கம். அங்கே ஃபுல்பேக் கோட்டை ஒட்டித் தனியாக நிற்க வேண்டும். முடாவும் மொடிபாவும் அதற்கென்றே பிறந்தவர்கள். பக்கம் மாற்றுவதில் மூன்றாவது பாஸ் சேர்ந்துவிட்டால் எதிரி நிமிர்ந்து நின்றுவிடுவான், அத்தனை உழைப்பும் வீண்.

அடுத்தது, கோட்டருகே போனதும் உயரப் பந்து தூக்கக் கூடாது. தரையோடு பின்னால் இழுத்துக் கொடுக்க வேண்டும், பெனால்டி புள்ளிக்கு. அங்கே ஓடிவர ஆள் இருக்க வேண்டும். நம் 4-2-3-1ல் சிக்கலே இங்கேதான். இரண்டு நடுக்கள ஆட்களும் எதிர்த்தாக்குதலுக்குப் பயந்து பின்னாலேயே நிற்கிறார்கள். பெட்டிக்குள் ஃபாஸ்டர் ஒருவர், அவரைச் சுற்றி இரண்டு சென்டர்பேக். எதிரியில் ஒரு ஆள் குறைந்தபின் இரண்டு காவல்காரர் எதற்கு? ஒருவரை எடுத்துவிட்டு இரண்டாவது ஸ்ட்ரைக்கரை ஆரம்பத்திலேயே இறக்கியிருக்க வேண்டும். ப்ரூஸ் இந்த முடிவை எப்போதும் இருபது நிமிடம் தாமதமாக எடுப்பார். மழை நின்ற பிறகு குடை.

பீனிக்ஸ்_கம்பத்தடி
//இருபது நிமிடம் தாமதமாக//

2017 ஆப்பிரிக்கக் கோப்பை இறுதி ஆட்டம், கேமரூன்-எகிப்து. எல்னெனி முதலில் போட்டு எகிப்து 1-0. ப்ரூஸ்தான் கேமரூன் பயிற்சியாளர். ந்குலு மாற்றாக உள்ளே வந்தார், 59ஆம் நிமிடம் தலையால் போட்டார். அபூபக்கர் ஹாஃப்-டைமில் உள்ளே வந்தார், 88ஆம் நிமிடம் வெற்றி கோல். இரண்டு கோலும் பெஞ்சிலிருந்து வந்தவர்கள் போட்டது. மாற்றத் தெரியாதவர் எப்படி இதைச் செய்தார்? அதுவும் பல முன்னணி ஆட்டக்காரர்கள் வர மறுத்த அணியை வைத்து.

கர்ரீஸ்_கிழக்குவாசல்
ந்குலு வந்தது காயத்துக்காகத் தம்பி. அதைத் தந்திரம் என்று எழுதாதே. அபூபக்கர் சரி, ஒப்புக்கொள்கிறேன்.

பீனிக்ஸ்_கம்பத்தடி
சரி, பாதி மதிப்பெண் கொடுங்க அண்ணா 😄

மாலர்_96
மாற்று ஆட்டக்காரர் என்றதும் நம்ம டர்பன்காரர் க்ளைவ் பார்க்கர் ஞாபகம். 1996 ஆப்பிரிக்கக் கோப்பை இறுதி, துனிசியா. மார்க் வில்லியம்ஸைப் பெஞ்சிலிருந்து இறக்கினார், சில நிமிடத்தில் இரண்டு கோல், கோப்பை நம் கையில். ப்ரூஸ் எத்தனை நல்லவர் என்று கேட்டால் அளவுகோல் பார்க்கர்தான். கோப்பையும் வாங்கினார், 1998 உலகக் கோப்பைக்கும் தகுதி வாங்கிக் கொடுத்தார். ப்ரூஸிடம் வெண்கலமும் தகுதியும். ஒரு படி கீழே.

(பார்க்கர் ஜெயித்தது சொந்த மண்ணில், ப்ரூஸ் வெண்கலம் எடுத்தது வெளியூரில் என்று யாராவது எழுதுவீர்கள். எழுதுங்கள்.)

டோங்காட்_கரும்பு
எழுதறேன். சொந்த மண் எல்லாருக்கும் உதவாது. 2013 ஆப்பிரிக்கக் கோப்பைல டர்பன் மோசஸ் மபீடா மைதானம் நிரம்பி வழிஞ்சுது, மாலிகிட்ட பெனால்டில போச்சு. பயிற்சியாளர் உங்க மேனிங் ரேஞ்சர்ஸ் புகழ் கார்டன் இகெசுண்ட்தான்.

மாலர்_96
இகெசுண்ட் மேல் கை வைக்காதீர்கள். சாட்ஸ்வர்த் அணியான ரேஞ்சர்ஸை வைத்து 1996-97ல் முதல் பிஎஸ்எல் (நம் முதல்தர லீக்) பட்டத்தை எடுத்தவர். பிறகு பைரேட்ஸ், சான்டோஸ், சன்டவுன்ஸ். நாலு வேறு கிளப்புடன் லீக் பட்டம். அந்த ரேஞ்சர்ஸ் இப்போது இல்லை, உரிமத்தை விற்றுவிட்டார்கள், அது தனி ஒப்பாரி.

நெறியாளர்
ரேஞ்சர்ஸ் ஒப்பாரிக்கு ஏற்கெனவே தனி இழை இருக்கிறது. ப்ரூஸுக்கு வாருங்கள்.

கணக்குப்பிள்ளை
யாரும் தொடாத விஷயம் ஒன்று. ப்ரூஸை எடைபோடும்போது அவர் பக்கம் சேர வேண்டியதும் கால்பந்துச் சங்கத்தின் பக்கம் சேர வேண்டியதும் கலந்துவிடுகின்றன. மொகோயினா அட்டை விவகாரத்தைத்தான் சொல்கிறேன்.

2026 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில், 2023 நவம்பரில் பெனினுக்கு எதிராக அவருக்கு ஒரு மஞ்சள் அட்டை (நம்ம டர்பன் ஆட்டம், 2-1). 2024 ஜூனில் ஜிம்பாப்வேக்கு எதிராக இன்னொன்று. வெவ்வேறு ஆட்டங்களில் இரண்டு மஞ்சள் என்றால் அடுத்த தகுதிச்சுற்று ஆட்டத்தில் இறங்கக் கூடாது. அடுத்த ஆட்டம் 2025 மார்ச், லெசோதோ, பொலோக்வானே. இறக்கினார்கள். 2-0 ஜெயித்தார்கள். செப்டம்பர் கடைசியில் ஃபிஃபா அதை 0-3 தோல்வியாக மாற்றி, 10,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதமும் போட்டது.

எட்டு ஆட்டத்தில் 17 புள்ளி, கோல் வித்தியாசம் +8. ஒரு +2 போய் அந்த இடத்தில் -3 வந்ததால் 14 புள்ளி, +3. பெனினும் 14, அவர்கள் +4. குழுவில் முதலிடம் போயிற்று.

ஏன் நடந்தது? இரண்டு அட்டைக்கும் நடுவே ஏழு மாதம், இரண்டாவது அட்டைக்கும் லெசோதோவுக்கும் நடுவே ஒன்பது மாதம். இடையில் ஆப்பிரிக்கக் கோப்பை, அதன் தகுதிச்சுற்று, நட்பு ஆட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் அட்டைக் கணக்கு தனி. ஒரே தாளில் எல்லாவற்றையும் எழுதினாலோ, ஒரு போட்டியின் கணக்கு ஆறினதும் மற்றதும் ஆறிவிட்டதாக நினைத்தாலோ இப்படித்தான் முடியும். தீர்வுக்குப் பெரிய மென்பொருள் வேண்டாம். போட்டிக்கு ஒரு பக்கம், ஆட்டக்காரனுக்கு ஒரு வரி. ரெஃப்ரி அறிக்கை வந்த அன்றே பதிவு. அணிப்பட்டியல் கொடுக்கும் முன் இருவர் தனித்தனியாகச் சரிபார்த்துக் கையெழுத்து. பத்து நிமிட வேலை.

நமக்கு இது புதிதும் இல்லை. 2014 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் நம் குழுவிலேயே இருந்த எத்தியோப்பியா, இதேபோல் இரண்டு மஞ்சள் வாங்கியவரை போட்ஸ்வானாவுக்கு எதிராக இறக்கி மூன்று புள்ளி இழந்தது. கண்முன்னால் நடந்தது. 2011ல் ஆப்பிரிக்கக் கோப்பைத் தகுதிச்சுற்றில் அதே ம்பொம்பேலாவில் சியரா லியோனுடன் 0-0 ஆடிவிட்டு, தகுதி பெற்றதாக நினைத்து மைதானத்தில் ஆடிப்பாடினோம். விதியில் முதலில் வருவது கோல் வித்தியாசம் இல்லை, நேருக்கு நேர் முடிவு. நைஜர் போனது. அலுவலகத்தில் விதிப்புத்தகம் தூசி பிடித்துக் கிடக்கிறது. இதில் எந்தப் பழியும் ப்ரூஸ் கணக்கில் வரக் கூடாது.

கர்ரீஸ்_கிழக்குவாசல்
எந்தப் பழியும் என்று சொல்ல முடியாது. பட்டியலில் கடைசியாகப் பெயர் எழுதுகிறவர் அவர். உதவியாளரிடம் "அட்டை பார்த்தாயிற்றா?" என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? லெசோதோவை மொகோயினா இல்லாமலே ஜெயித்திருக்கலாம்.

கணக்குப்பிள்ளை
கேட்டிருக்கலாம். சமையல்காரர் உப்புப் பார்ப்பார், கடைப் பாக்கியையும் அவரே பார்க்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

ஆனால் அதன் பிறகு அவர் செய்ததைப் பாருங்கள். பத்து நாளில் டர்பனில் ஜிம்பாப்வே (பெயரளவில் அவர்கள் சொந்த ஆட்டம், அவர்களுக்கு அப்போது அனுமதி பெற்ற மைதானம் இல்லை). 0-0. பெனின் ருவாண்டாவை ஜெயித்து 17க்குப் போய்விட்டது, நாம் 15. கடைசி நாள் சமன் செய்தால்கூட 16தான், கதை முடிந்தது. அந்த நெருக்கடியில் ருவாண்டாவை 3-0. உயோவில் நைஜீரியா பெனினை 4-0. நாம் 18, அவர்கள் இருவரும் 17. அணி குலையாமல் இருந்ததே, அது பயிற்சியாளர் கணக்கு. இதே ருவாண்டாவிடம் 2023ல் 2-0 தோற்றதையும் மறக்க வேண்டாம்.

டோங்காட்_கரும்பு
ஆட்டத்தை வைத்துத் தகுதி வாங்கியது 2002க்கு அப்புறம் இதுதான் முதல் தடவை. 2010 வீட்டுக்காரர்ங்கிறதால கிடைச்சது. இதுக்குமேல என்ன வேணும் உங்களுக்கு?

ஆறாம்நம்பர்
வேண்டியது உண்டு. தகுதிச்சுற்று அணியும் மொராக்கோவில் ஆடிய அணியும் ஒன்றில்லை. அங்கோலாவிடம் ஒன்று, ஜிம்பாப்வேயிடம் இரண்டு, கேமரூனிடம் இரண்டு என்று கோல் வாங்கியது ப்ரூஸின் பழைய அணி வாங்கும் வகை இல்லை. சென்டர்பேக் ஜோடி மாறிவிட்டது. ம்போகாசிக்கு வேகமும் துணிச்சலும் இருக்கிறது, முன்னால் பாய்ந்து பந்தைப் பறிப்பார். பறித்தால் அழகு, தவறினால் முதுகுக்குப் பின்னால் இருபது மீட்டர் வெட்டவெளி. கெக்கானா-ம்வாலா ஜோடி பாயாது, பின்வாங்கிக் கூட்டமாக நிற்கும். ஆள் மாறிய பிறகும் அதே காப்பு முறை என்றால் ஒத்துவராது. ம்போகாசி பாய்ந்தால் பக்கத்து சென்டர்பேக் உள்ளே நகர்ந்து, அந்தப் பக்க ஃபுல்பேக் கீழே இறங்க வேண்டும். மொடிபா அந்த நேரத்தில் எதிரியின் பாதியில் இருக்கிறார். இதைச் சரிசெய்யத்தான் மார்ச்சில் வரும் நட்பு ஆட்டங்கள் இருக்கின்றன.

கேமரூன் ஆட்டத்தில் முதல் அரை மணி நம் கையில்தான் இருந்தது. வாய்ப்பை விட்டோம், 34ல் ஒன்று, பாதி முடிந்து வந்ததும் ஒன்று. மக்கோப்பா 88ல் போட்டார். திரும்பவும் கடைசி நேரக் குடை.

பீனிக்ஸ்_கம்பத்தடி
அஸ்டெகாவுக்கு யாரை இறக்குவார்? மெக்சிகோ சிட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர். ஜோபர்க் 1,750 சொச்சம். ஜோபர்க் பக்கத்து மேட்டுநிலமான ஹைவெல்டில் ஆடுகிறவர்களுக்குப் பாதி வேலை முடிந்ததுதானே? சன்டவுன்ஸ், பைரேட்ஸ் பையன்களை நிறைய எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகும்.

ஆறாம்நம்பர்
பாதி முடிந்தது. ஜோபர்க்கிலிருந்தே 500 மீட்டர் வித்தியாசம் இன்னும் இருக்கிறது. ஐரோப்பாவில் கடல் மட்டத்தில் ஆடும் ஃபாஸ்டர் மாதிரி ஆட்களுக்குத்தான் சிரமம். உடம்பு பழக இரண்டு வாரம் வேண்டும். மூன்று நாள் முன்னால் போய் இறங்குவது மிக மோசமான வழி, மூச்சுத் திணறுவதும் தூக்கம் கெடுவதும் அந்த நாட்களில்தான் அதிகம். பந்தும் மெல்லிய காற்றில் வேகமாகப் போகும், நீளப் பாஸ் இரண்டு மூன்று மீட்டர் தாண்டி விழும். வில்லியம்ஸின் கோல்கிக் உட்பட எல்லாவற்றையும் அளந்து பழக வேண்டும். மொகோயினாவின் தூர உதைக்கு மட்டும் அது வரம்.

அழுத்தி ஆடுவது முதல் பதினைந்து நிமிடமும் இரண்டாம் பாதியின் தொடக்கமும் மட்டும் என்று பிரித்துக்கொண்டால் தாக்குப்பிடிக்கலாம். ஐந்து மாற்றில் மூன்றை 60க்குள் செய்தாக வேண்டும். அதைத்தான் அவரிடம் நம்ப முடியவில்லை.

கர்ரீஸ்_கிழக்குவாசல்
அப்படியானால் நீயும் என் பக்கம்தான்.

ஆறாம்நம்பர்
இல்லை அண்ணா. 60ஆம் நிமிடம் வரை அவரைவிட நல்ல ஆள் நமக்குக் கிடைத்ததில்லை என்கிறேன். 2010ல் மெக்சிகோவுடன் 1-1. இப்போது 48 அணி, மூன்றாம் இடம் வந்தவர்களில் எட்டுப் பேர் அடுத்த சுற்றுக்குப் போகலாம். அங்கே ஒரு சமன் என்பது பெரிய காசு. சமன் வாங்க இவரைவிடத் தெரிந்தவர் கிடையாது.

மாலர்_96
உலகக் கோப்பையோடு ஓய்வு என்று அவரே சொல்லிவிட்டார், 2026 ஏப்ரலில் 74 வயது. அடுத்தவர் யார் என்று இப்போதே பேச ஆரம்பித்தால் நெறியாளர் விரட்டுவாரா?

நெறியாளர்
விரட்டுவேன். தைப்பூசம் முடியட்டும், தனி இழை திறக்கிறேன்.

டோங்காட்_கரும்பு
திறந்ததும் முதல் பெயர் 2011ல பயிற்சியாளரா இருந்த பிட்ஸோ மோசிமானேன்னு வரும், ரெண்டாவது பதிவுல 2011 சியரா லியோன் வரும். இப்பவே எழுதி வச்சுக்குங்க.